தலைப்புக்கு வெளியே

மார்ச் 3

காலையிலிருந்து மட்டுறுத்துநர் வேலைதான்; இணைய மன்றத்தில் தலைப்பை விட்டு விலகும் பதிவுகளை ஒதுக்குவது. இணையப் பக்கங்களுக்கு வடிவமைப்பு விதி எழுதும் குழு, இருபதாம் தேதிவரை எங்கள் மன்றத்தில் கருத்துக் கேட்கிறது. கேள்வி ஒன்றுதான்: படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் எழுதுவதைக் கட்டாயமாக்கலாமா? அறுபது பதிவுகள் வந்தன. நாற்பதில் எழுத்துருச் சண்டை. நாற்பதையும் அரட்டைப் பகுதிக்கு நகர்த்தினேன்.

மார்ச் 6

அக்காவுக்குப் பார்வை போய் ஆறு வருடம். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் துணை. பெயரில்லாத பெட்டி வந்தால் அது "பெட்டி" என்று மட்டும் சொல்லும். என்ன பெட்டி? அவள்தான் குத்துமதிப்பாக நிரப்ப வேண்டும். இந்த விதி வந்தால் அவள் யாரையும் கெஞ்ச வேண்டாம். சம்பளமில்லாத இந்தத் தலைவலி அதற்காகத்தான்.

மார்ச் 9

மறுபடியும் எழுத்துரு. இவர்களோடு மாரடித்து முடியவில்லை.

மார்ச் 14

அக்கா விவாதத்தில் எழுதியிருக்கிறாள், என் அக்கா என்று சொல்லியே. மருத்துவமனைப் படிவத்தில் பிறந்த தேதிக்குப் பதில் தொலைபேசி எண்ணைப் போட்டாளாம். மூன்று முறை திரும்பி வந்ததாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தன் நோயைச் சொல்லி நிரப்பித் தரச் சொன்னாளாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அழுதுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் எழுத்துருக்காரர் வந்தார். "எங்க பேச்சையெல்லாம் தூக்கினீங்க. உங்க அக்கா கதை மட்டும் இருக்கலாமா?"

சொந்தக் கதை அரட்டைக்கு. நானே எழுதிய விதி. நகர்த்தினேன்.

போனில் சொன்னபோது, "சரிடா, விதின்னா விதிதானே" என்றாள்.

மார்ச் 15

தப்பு பண்ணிட்டேனா? ஆளுக்கொரு நியாயம் வைக்க முடியாதே — முடியாதா?

மார்ச் 20

கடைசி நாள். ஒரு பதிவுகூட வழிதவறவில்லை.

மார்ச் 27

முடிவு வந்துவிட்டது. கட்டாயமில்லை, விரும்பினால் பெயர் எழுதலாம். பெயரில்லாததால் சிரமப்பட்டதாக யாரும் விவாதத்தில் சொல்லவில்லையாம். குழு அரட்டைப் பகுதியைப் படிக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதானே வேண்டாததையெல்லாம் அங்கே தள்ளினேன். விவாதம் தடம் மாறாமல் பார்த்துக்கொண்டதற்காக எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். பாவி நான்.

மார்ச் 29

அக்கா வீட்டுக்குப் போனேன். முடிவை அவளே மென்பொருளில் கேட்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பேனா இருக்கிறதா என்று கேட்டாள். தன் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே என் படிவமெல்லாம் நீயே போட்டுடுடா."

மொத்தம் ஏழு. எழுதிக்கொண்டேன்.