காலையில் சேமித்த பக்கம்

நீ சேமித்து வைத்த செய்தி உன் போனில் அப்படியே இருக்கிறது. இன்று பிள்ளைப்பாக்கத்தில் உன் வீட்டில், உன் மனைவியின் முன்னால் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். திரையின் விரிசல்மேல் நீ ஒட்டிய டேப்பில் இன்னும் டீசல் வாசம் இருக்கிறது.

பழக்கத்தில் என் விரல் வைஃபை பக்கம் போனது. உன் மனைவி பதறிவிட்டார். "நெட்டைப் போடாதீங்கண்ணா. போட்டா புதுசு வந்து பழசு பூடும்னு அவரு சொல்லிகினே இருப்பாரு. நான் சார்ஜ் மட்டும்தான் போடறேன்."

விடியும்போதே சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் நீ ஓட்டும் கம்பெனி பஸ்ஸை நிறுத்துவாய். ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறி முடிப்பதற்குள் நான்கைந்து செய்திகளைப் போனில் சேமித்துவிடுவாய். ஒரகடத்தில் பஸ்ஸை நிறுத்தும் இடத்தில் டவர் கிடைக்காது. "நாஸ்டா கட்டிகினு போற மாதிரிய்யா" என்பாய்.

உன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி தேவி. தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் அவளுடைய இரண்டு விரல்கள் போன செய்தியை எழுதியவன் நான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகி இருந்தது என்று தொழிற்சாலை நிர்வாக அதிகாரியே என்னிடம் சொன்னார். அதையும் எழுதினேன். காலையில் எங்கள் பத்திரிகையின் இணையதளத்தில் வந்தது. மாலையில் அந்த வரி மட்டும் இல்லை. ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். விட்டுவிட்டேன்.

நீ விடவில்லை. மறுநாள் டீக்கடையில் உன் போனையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய்.

"இன்னாய்யா ரிப்போர்ட்டரு, காலைல சென்சார் ரிப்பேருன்னு போட்டுகீது, சாயங்காலம் அந்தப் பேச்சே இல்ல. நடுவுல நீ போயி சரி பண்ணிட்டியா?"

டீ ஆற்றியவர்கூடச் சிரித்தார். "அதெல்லாம் ஆபீஸ்ல பண்றதுப்பா" என்றேன்.

"பேரு உன்னுதுதானே போட்டுகீது?"

நான் டீயைக் குடித்தேன். அன்றே, நெட் வந்து பக்கம் மாறிவிடாதபடி, அந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொண்டாய்.

நீ இறந்து மூன்று மாதம் ஆகிறது. தேவி நஷ்டஈடு கேட்டதற்கு, அவள்தான் கவனமில்லாமல் கையை விட்டாள் என்கிறது நிர்வாகம். சென்சார் பழுது என்று தாங்கள் யாரும் சொல்லவே இல்லையாம். என் குறிப்பேடு மட்டும் போதாது, அன்று வந்த பக்கமும் வேண்டும் என்றார் அவளுடைய வழக்கறிஞர். அதற்காகத்தான் இன்று உன் வீட்டுக்கு வந்தேன்.

"நமக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று ஆசிரியர் கேட்டார். சாட்சி சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது என் செய்தி ஒவ்வொன்றையும் வந்த உடனே நானும் சேமிக்கிறேன்.

உன் போன் துண்டில் சுற்றி என் பையில் இருக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை. இந்தப் பக்கத்தை அவர் ஏற்பாரா என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஏற்காவிட்டால் அந்த வரியை என் வாயால் சொல்வேன். அதை நீக்கியபோது நான் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்வேன். பேர் என்னுடையதுதான்.