மலரின் ஜன்னலோர சீட்டு

செவ்வாய், இரவு

கள்ளக்குறிச்சி முகாமில் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோ, சிறப்பாசிரியர் என நால்வர் சேர்ந்து, பேச்சு சரியாக வராத என் சின்ன மகள் மலரைப் பார்த்தார்கள். அவளிடம் கேட்டதற்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"நீங்க பாஸாயிட்டீங்க. பாப்பாவ உடுங்க," என்றார் டாக்டர்.

வாயை மூடினேன். என் வாயை மூடவைப்பது, கல்யாணமான நாள்முதல் என் மனைவியால் முடியாத காரியம். மலர் நிதானமாக யோசித்து, மேசையில் பரப்பிய பொம்மைகளில் அவர்கள் கேட்ட பந்தைச் சரியாகக் காட்டினாள். வாராவாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா, இவள ஊரெல்லாம் காட்டிக்கினு திரியற? பெரியவளக் கட்ட எவன்டா வருவான்?"

"மலரப் பாத்து ஓடறவன் ஓடட்டும்க்கா. பொண்ணு பாக்க வந்தா போடற காப்பித்தூள் மிச்சம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா சொன்னது குத்தாமல் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் இதே பஸ்தான், மலருக்கு ஜன்னலோரம்தான். பக்கத்தில் அக்காவுக்கும் துண்டு போட்டு இடம் பிடிப்பேன்.