பிரதம அதிதி இல்லாத கூட்டம்

ஓட்டமாவடி
14.08.2025

அன்பு மகன் றுஸ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஷஸ்னாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். கத்தாரின் அந்த வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, எண்ணெய் பூசியதால் என்று அவள் சொல்கிறாள், படியேறாமல் இருப்பதால் என்று நான் சொல்கிறேன், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கச்சான் காற்று ஆளைத் தூக்குகிறது, வட்டை வயல் பக்கம் சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டதால் கொடியில் போட்ட வெள்ளைச் சாரனெல்லாம் தூசு. போன் இருக்கும்போது வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் பக்கத்திலிருந்து உம்மா திருத்துவாள், அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சி சிரிப்பாள். இந்தக் கதையில் பிழை செய்தவன் நான், ஆகவே நானே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். மாமாவின் மகன் அக்ரம் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் மாசிச் சம்பலோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

தங்கச்சியின் பேச்சுக் கூட்டம் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். வெளிநாட்டில் ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது, அதன் பெயரில் எந்த ஊரிலும் கூட்டம் நடத்தலாம், ஆனால் அவர்களிடம் அனுமதி எடுக்க வேண்டும், அவர்களின் சட்டதிட்டப்படி நடத்த வேண்டும். இரண்டு முறை அவளுக்கு இல்லையென்று பதில் வந்தது. மூன்றாம் முறை, ஒன்றரை வருடம் கழித்து, அவளுடைய பெயருக்கே லைசன் வந்தது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கூட்டத்துக்கு நூறு பேர், அதற்கு முன்னே ஒரு இணையத்தளம் செய்து அவர்களுக்குக் காட்டி, அவர்கள் சரியென்ற பிறகுதான் ஆட்களைப் பதிய வேண்டும். பத்து நாள் கண் சிவக்க உட்கார்ந்து அந்தத் தளத்தை அவளே செய்தாள். பொலன்னறுவைக்கு பஸ் ஓட்டும் நல்லரத்தினம், யானை றோட்டில் நின்றால் என்ன செய்யக் கூடாது என்று பேசப் போகிறார். மாங்கேணியில் மருத்துவிச்சியாக இருக்கும் அஜந்தா, வெள்ளத்தில் தோணியில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்ததைப் பேசப் போகிறாள். எல்லாம் முடித்துவிட்டு, வாப்பா, தமிழை ஒருக்கா வாசித்துப் பாருங்கள் என்று சொல்லி உள்ளே போகும் பாஸ்வேர்டையும் தந்துவிட்டு அவள் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

முப்பத்திரண்டு வருடமாக அச்சகம் வைத்து இந்த ஊருக்கு அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தவன் நான், உனக்குத் தெரியும். கல்யாணம், புத்தக வெளியீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கிணறு திறப்பு, எதுவானாலும் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று யார் எந்த வரிசையில் வர வேண்டும், யாருடைய பெயருக்கு எவ்வளவு பெரிய எழுத்து என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதிதி இல்லாத நோட்டீசை ஊரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன், ஒரு அதிதியும் இல்லை. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்து, மண்டபம் தருவதாகச் சொன்ன அரிசி ஆலை இஸ்மாலெவ்வை ஹாஜியாரைப் பிரதம அதிதியாகப் போட்டேன், சமாதான நீதவான் பட்டத்தோடு. கௌரவ அதிதி நான்கு பேர், விசேட அதிதி ஆறு பேர், எல்லாருக்கும் போட்டோ. ஹாஜியாரின் அரிசி மூடையின் படத்தையும் ஓரத்தில் வைத்தேன். கிறாஅத் ஓதல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை போர்த்தல், நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரலும் ஏற்றினேன். பேச வருகிறவர்கள் அடியில் சின்ன எழுத்துக்குப் போனார்கள், நல்லரத்தினம் யானையோடு கடைசி வரியில் நின்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அனுமதி பெற்றவர் ஷஸ்னா என்று மேலே ஒரு வரி இருந்தது. ஆனி மாதக் கடைசியில் நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. “வாப்பா, இருபத்திநாலு வயசுப் புள்ளட பேரப் பார்த்து ஆர் வரப்போறாங்க, உங்கட பேரப் போடுங்க” என்றாய். உன்னில் பழி போடவில்லை மகன், நீ சொன்னது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. அவளுடைய பெயரை எடுத்துவிட்டுத் தலைவர் என்று என் பெயரைப் போட்டேன். ஹாஜியாருக்கும் மற்றவர்களுக்கும் இணைப்பை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

தங்கச்சி தளத்தின் இணைப்பை முன்பே அவர்களுக்குக் கொடுத்திருந்தாள், மூன்றாம் நாள் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. பிரதம அதிதி கூடாது, விளம்பரம் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அனுமதி பெற்றவரின் பெயர் இல்லாத தளத்தை ஏற்க முடியாது, எழுபத்திரண்டு மணித்தியாலத்தில் திருத்தாவிட்டால் லைசன் ரத்து. தங்கச்சி அதை நின்றபடியே வாசித்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அந்த லைசன் எண்ட பேருக்குத் தந்தது வாப்பா. எண்ட பேர் இல்லாட்டி அது வேற ஆருடையோ கூட்டம்” என்று மட்டும் சொன்னாள், சாப்பிடாமல் அறைக்குள் போய்விட்டாள். உன் உம்மா சும்மா விடுவாளா, “ஊராக்கள்ற பேரெல்லாம் அடிச்சி அடிச்சி, சொந்தப் புள்ளட பேர் உங்கட கண்ணுக்குத் தெரியாமப் போயிட்டு” என்றாள். வெட்கமாக இருந்தது மகன், அதை மறைத்து எழுத மாட்டேன்.

தளத்தைத் திருத்துவது அவளுக்கு ஒரு மணித்தியால வேலை. ஹாஜியாரைத் திருத்துவது யார்? அவர் அதற்குள் அந்தப் பக்கத்தைத் தன் ஆலையில் வேலை செய்கிற எல்லாருக்கும் காட்டிவிட்டார், புதுச் சட்டையும் தைக்கக் கொடுத்துவிட்டார். பெயரை எடுத்தால் மண்டபம் போகும், பெயர் இருந்தால் லைசன் போகும். தளத்தில் மண்டபத்தின் பெயரும் இருக்க வேண்டும், வேறொன்று தேட அந்த எழுபத்திரண்டு மணித்தியாலம் போதாது. தங்கச்சி நானும் வாறேன் என்றாள், வேண்டாம், நான் கட்டிய முடிச்சு, நானே அவிழ்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் போனேன். தவிட்டுத் தூசுக்குள் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். சொன்னேன். மனிதர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். “அப்ப எண்ட போட்டோ?” என்றார், இல்லை என்றேன். பொன்னாடை? அதுவும் இல்லை. “மேடையில கதிரையாவது போடுவாங்களா?” என்று கேட்டார். மேடையில் கதிரையே இல்லை ஹாஜியார், பேசுகிறவரும் நின்றுதான் பேசுவார் என்றேன். முகம் இருண்டுவிட்டது. முடிந்தது கதை என்று எழும்பப் போனேன். அப்போது, இப்படியொரு சட்டம் போட்டுக் கூட்டம் வைக்கிறது ஆர் என்று கேட்டார். என் மகள் என்றேன், அவள் பெயருக்குத்தான் அனுமதி வந்தது, நான்தான் அதில் என் பெயரை ஒட்டினேன் என்றும் சொன்னேன்.

கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இருவது வருசமா மேடையில மாலையோட குந்திக்கிட்டு முன்னால இரிக்கிற ஆக்கள்ற முகத்தத்தான் பார்த்திரிக்கன், ஆரும் பேசினதக் கேட்டதில்ல. எண்ட பேச்சு எப்ப வரும் எண்டுதான் நினைப்பு” என்றார். அதோடு சிரித்தும் விட்டார். மண்டபத்துப் பூட்டுத் திறப்பை எனக்குத் தர மாட்டாராம், “புள்ளய வரச் சொல்லுங்க, அவட கையில குடுக்கிறன்” என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கீழே அவருக்கும் மனைவி ஆமினா உம்மாவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடம் வேண்டும், இத்தனை கூட்டத்தில் ஒன்றிலாவது அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லையாம். தங்கச்சி அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு போய்த் திறப்பை வாங்கி வந்தாள். மற்றப் பத்து அதிதிகளுக்கும் நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன், இரண்டு பேர் இன்னும் என் சலாத்துக்குப் பதில் சொல்லும்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நேரம் முடிய ஒன்பது மணித்தியாலம் இருக்கும்போது சரியென்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் இரண்டு கோப்பை சோறு தின்றாள். நேற்று வரை அறுபத்திநான்கு பேர் பதிந்திருக்கிறார்கள், செப்டம்பர் இருபது சனிக்கிழமை கூட்டம். எனக்கு அங்கே வேலை, வாசலில் நின்று பெயர் சரிபார்ப்பது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள், அது நியாயம்தான்.

நீ பகல் வேலைக்குப் போகும்போது தொப்பியை மறக்காதே, தண்ணீர் குடி, சம்பலை அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடு. இரவுச் சாப்பாட்டை விடுகிறாய் என்று அக்ரம் சொன்னான், உம்மாவுக்கு இன்னும் நான் சொல்லவில்லை, அதற்குள் திருந்திக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் தந்து, எங்கள் கண் குளிர உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

ஒரு விசயம் மறக்காமல் செய் மகன். அந்தத் தளத்தின் இணைப்பை நீ அங்குள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது, வாப்பா நடத்துகிற கூட்டம் என்று எழுதியிருந்தாய். தங்கச்சி அதைப் பார்த்தாள், உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். இன்னொரு முறை அனுப்பு, என் தங்கச்சி ஷஸ்னா நடத்துகிறாள் என்று எழுது. எனக்கும் முதலில் சொல்ல நாக்கு வளையவில்லை, நாலு பேரிடம் சொன்ன பிறகு பார், இப்போது கேட்காதவனையும் நிறுத்திச் சொல்கிறேன்.

துஆவுடன்,
உன் வாப்பா
முஹம்மட்