மல்லிகா அக்காவின் இயற்பியல் புத்தகம்

ஜூன் 27, வெள்ளி

இந்த முறையும் நீட்டில் இயற்பியல்தான் காலை வாரிவிட்டது. "அடுத்த தடவையும் போச்சுன்னா, மல்லிகா கூடத் தைக்கப் போயிரணும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மல்லிகா அக்கா புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிறாள். அவளும் இரண்டு முறை நீட் எழுதியவள். புத்தகம் கேட்டு இன்று அவள் வீட்டுக்கே போனேன். மூன்றை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒல்லியானதை எடுத்தேன். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"நீ அதத்தான் எடுப்பன்னு தெரியும்ட்டி."

"எப்படிக்கா?"

"நானும் அதத்தான எடுத்தேன். உள்ள பென்சில்ல வட்டம் போட்டுருக்கேன். அழிச்சிட்டுப் படி."

அழிக்கவில்லை. அவள் போட்ட வட்டங்களை அட்டையால் மறைத்துக்கொண்டு இருபது கணக்கு போட்டேன். கடைசிப் பக்கத்து விடைகளோடு ஒத்துப் பார்த்ததில் ஏழு தப்பு. அட்டையை எடுத்தேன். அக்காவுக்கும் அதே ஏழுதான் தப்பு. ஏழிலும் நான் எழுதிய அதே தப்பு விடை.

அடுத்த கணக்கின் மேல் மறுபடி அட்டையை வைத்தேன்.

இருபத்தொன்றாவது கணக்கில் எனக்கு நான்கில் இரண்டாவது விடை வந்தது. வேண்டுமென்றே அதை அடித்துவிட்டு மூன்றாவதை எழுதினேன். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவதில் வட்டம் போட்டு ரப்பரால் அழித்த தடம் இருந்தது. மூன்றாவதில் புது வட்டம்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பினேன்.

சரியான விடை இரண்டாவதுதான்.