கருப்பட்டி சுற்றி வந்த தாள்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு உமாராணி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சளியும் இப்போது எப்படி இருக்கின்றன?

கருப்பட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. நம் கடையில் பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பரில்தான் சுற்றியிருந்தீர்கள். ஆட்களை நிற்க வைத்துவிட்டு நான் பேப்பர் படித்தால், "ஏளா, மொதல்ல பொட்டலத்த மடி, பெறவு படிக்கலாம்" என்று திட்டுவீர்களே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இங்கே தமிழ் எழுத்தைக் காண்பதே அபூர்வம். விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தேன்.

அதில் ஓர் அறிவிப்பு. நம் ஊர் ஆறுமுகநேரியில் அரசாங்கம் நிலம் எடுக்கப் போகிறதாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம். சர்வே எண்களில் நம் பனைவிளையின் எண்ணும் இருக்கிறது. பேப்பரின் தேதி கிழிந்துபோயிருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் போன வாரம் அம்மா போனில், "யாரோ ரெண்டு பேரு வந்து நம்ம பனையில செவப்பு பெயிண்ட் அடிச்சிட்டுப் போனாவ. நல்ல பிள்ளைய, டீ போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

நான் போனில் சொன்னால், "பேப்பர்ல ஆயிரம் போடுவான்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் தாளையே இதோடு அனுப்புகிறேன். யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த பார்சலில் கருப்பட்டி குறைந்தாலும் பரவாயில்லை, பேப்பரைக் கூடுதலாகச் சுற்றுங்கள். கூரியர்காரர் கடையை அடைக்கிறார், முடிக்கிறேன்.

நம் எண்ணுக்குக் கீழே தாள் கிழிந்திருக்கிறது, அப்பா. மீதி எண்கள் நம் கடையிலிருந்தே யார் யார் வீட்டுக்குப் புளியும் பருப்பும் சுற்றிப் போயினவோ.

உங்கள் மகள்,
உமாராணி