ஜீப் நிற்குமிடத்துச் செவலை

வியாழன், இரவு

மலைமேல் நெல்லிவாசலில் ஜீப் நிற்குமிடத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த செவலை நாயை, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று நினைத்துப் போன வாரம் தூக்கி வந்தேன். ஊசி போட்டுப் போளூரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தும் விட்டேன்.

இன்று அதே இடத்தில் சடையன் என்ற விவசாயி என்னை நிறுத்தினார்.

"நாய்ங்களக் காப்பாத்துற அம்மா நீங்கதானே? எங்க செவலையப் பாத்தீங்களா? நான் புளி விக்க கீழ போனா, திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருக்கும்."

அன்று தூக்குவதற்கு முன் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"தேடிப் பாக்கறேங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போளூர் அம்மா முந்தாநாளே போன் செய்தார். "சோறே துன்ன மாட்டுது. சாயந்தரமானா கேட்டாண்ட நின்னுக்கினு ரோட்டையே பாக்குது. இன்னா பண்றது?"

"ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன். எத்தனை வருடமாக நாய்களோடு இருக்கிறேன், பெரிய இவள் மாதிரி.

விடிந்ததும் முதல் ஜீப்பில் போளூர் போய்ச் செவலையை அழைத்து வந்துவிட வேண்டும். சடையனிடம் என்ன சொல்வது? எங்கேயோ கிடைத்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடியும் கும்பிடுவார்.