ஆல்பத்தை யாசிரிடம் கொடுக்காத காரணம்

மில்லர்புரம், தூத்துக்குடி
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் ஷாமுக்கு அப்பா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் உன் அற்புதமணி அத்தையும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல் சரிதானா என்று சற்று யோசித்தேன், உடம்பளவில் சரிதான், அப்படியே இருக்கட்டும். மஸ்கட்டில் நீயும் ஷீஜாவும் பேரன் ரெனிஷும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று உங்கள் மூவர் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசாமல் அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று கேட்பாய். அதற்கும் காரணம் உண்டு, அதன் இடத்தில் வரும். கணக்கு வாத்தியார் பழக்கம், நிரூபிக்க வேண்டியதை முதலில் எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். ஆகவே,

1. ஏல மண்டபத்தில் நான் சொன்னது மரியாதைச் சொல், வாக்கு அல்ல.
2. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி இன்று வரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை.
3. ஆனாலும் ஆல்பத்தை யாசிரிடம் கொடுத்தனுப்ப என்னால் முடியவில்லை.
4. அதை அண்ணாச்சியிடமே கொடுத்துவிட நீ சம்மதிக்க வேண்டும்.
5. எது நடந்தாலும் அது இந்த ஊரோடு முடிந்துவிடும், கடல் தாண்டி உங்களிடம் வராது.

முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். நீ அறிந்ததைத்தான் எழுதுகிறேன், ஆனால் வரிசை விட்டால் எனக்கே குழம்பிவிடும். விளாத்திகுளத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவருடைய பிள்ளைகள் அவர் சேர்த்து வைத்திருந்த சாமான்களையெல்லாம் இங்கே கல்யாண மண்டபத்தில் ஏலம் விட்டபோது, நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் கையெழுத்துப் போட்ட அந்த ஆல்பத்தை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள் அப்பா என்று நீதான் என்னை அனுப்பினாய். அப்படிப்பட்ட ஏலத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை. எனக்குத் தெரிந்த ஏலமெல்லாம் நாசரேத்தில் நம் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்தான். அங்கே ஒருவர் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தாரையோ சேவலையோ மற்றவர்கள் போட்டி போட்டு விலை ஏற்றுவது அந்தப் பொருள் வேண்டும் என்பதற்காக அல்ல, ஏற்றிவிடுவதே ஒரு காணிக்கை. ஒரு வருஷம் பூசணிக்காயை அப்படி ஏற்றிவிட்டு அது என் தலையிலேயே விழுந்து, வீட்டில் நாட்கணக்கில் பூசணிக்காய் சாம்பாராக இருந்தது உனக்கும் நினைவிருக்கும். இங்கேயும் அதே நினைப்பில், விற்கிற பிள்ளைகளுக்கு நாலு காசு கூடக் கிடைக்கட்டுமே என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். எதிர் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எனக்கு இணையாக ஏற்றிக்கொண்டு வந்தார், கடைசியில் அவர்தான் எடுப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மூணு தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்தவர் இலையிலிருந்து சோற்றை நான் எடுத்துவிட்டது போல் இருந்தது. நம் சபையில் ஏலம் முடிந்ததும் எடுத்தவர் தோற்றவரிடம் போய், இது உங்களுக்குத்தான் அண்ணாச்சி, நீங்களே வச்சுக்கிடுங்க என்பார். அவர் உடனே, வேண்டாம் வேண்டாம், ஆசீர்வாதம் ஒங்களுக்கு வந்தது, நீங்களே கொண்டு போங்க என்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். வாயில் வந்த பழக்கம், எழுந்து போய் அப்படியே சொல்லிவிட்டேன். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. எழுந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, "சரி சார். இப்பம் ஒங்க கையில இருக்கட்டும். நீங்க குடுக்கும்போது வாங்கிக்கிடுதேன்" என்றார். அவர்தான் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, திருச்செந்தூரில் லாட்ஜ்கள் வைத்திருப்பவர், நம் சபை வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிய நாளாயிற்று. அத்தையிடம் சொன்னபோது, "அண்ணே, ஒனக்கு ஏலத்துலயும் மரியாத, எழவுலயும் மரியாத. ஒருநா இந்த மரியாதையே ஒன்னக் கொண்டு போயிரும்" என்றாள். அவள் வாய் உனக்குத் தெரிந்ததுதான், நான் அப்போது சிரித்தேன்.

இரண்டாவது. அவர் ஒரு நாளும் ஆல்பத்தைக் கொடு என்று கேட்டதில்லை. மறுவாரமே திரேஸ்புரத்திலிருந்து பெரிய சீலா மீன் ஒன்று வந்தது, அண்ணாச்சி கொடுக்கச் சொன்னாவ என்று ஒருவன் வைத்துவிட்டுப் போனான். பிறகு மக்ரூன் பெட்டி. நாம் எத்தனையோ முறை மனு கொடுத்தும் எரியாத தெருவிளக்கு எரியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் என் பெயரை முதலில் கூப்பிடுகிறார்கள். ஆட்டோக்காரன் மகாராஜா என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டான், "அண்ணாச்சி கணக்கு தனி சார், நீங்க எங்க போணும்னாலும் எங்கிட்டதான் சொல்லணுமாம்" என்றான். எங்கே போனாலுமா என்று கேட்டேன். "கோயிலுக்குப் போனாலும் சொல்லணும்" என்று சிரித்தான், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஒரு நாள் நான் கேட்காமலே ஆட்கள் வந்து நம் இரும்புக் கதவைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார்கள். உன் சின்ன வயதிலிருந்தே அது போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும், இப்போது ஒரு சத்தமும் இல்லை. யாராவது வந்தால் வந்த பிறகுதான் தெரிகிறது. இதைக் குறையாகச் சொன்னால் நன்றிகெட்டவன் என்று தோன்றும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

என் போன் பழுதானபோது அதை அவருடைய ஆள் எடுத்துக்கொண்டு போய் அதற்குப் பதிலாகப் புதிது ஒன்று கொண்டுவந்தான், எண்களெல்லாம் அவனே ஏற்றிக் கொடுத்தான். அத்தையின் போனையும் வாங்கிச் சரிபார்த்துத் தந்தான். ரெனிஷுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று நீ போனில் என்னிடம் சொன்னாயே, அதற்கு அடுத்த முறை அண்ணாச்சி வந்திருந்தபோது, "பேரனுக்குப் பல்லு மொளச்சிருச்சா சார்" என்று விசாரித்தார். நானே பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கலாம், என் ஞாபகத்தை நான் முழுக்க நம்புவதில்லை. ஆனாலும் அதிலிருந்து போனில் உன்னிடம் வெயிலையும் மழையையும் தவிர எதுவும் பேச வாய் வரவில்லை. அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார் என்று ஷீஜா வருத்தப்பட்டதாக அத்தை சொன்னாள். வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

மூன்றாவதுக்குக் காரணம் திருச்செந்தூரில் நான் கண்டது. சென்ற வாரம் காரை அனுப்பியிருந்தார், மறுக்கத் தெரியவில்லை, போனேன். லாட்ஜின் மேல்மாடி முழுவதும் அவருடைய சேகரிப்பு. நீ பார்த்தால் பிரமித்துப் போவாய். பழைய பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், ராஜா வேஷக் கிரீடங்கள், சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகள், கையெழுத்திட்ட படங்கள், எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. ஜன்னல்களை அடைத்துவிட்டார், கடல் பக்கத்தில் இருந்தும் உள்ளே கடற்சத்தம் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை, அதில் மனமுவந்து அளித்தவர் என்று போட்டு ஒரு பெயர். விலைக்கு வாங்கியது ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். "விலைக்கு வாங்குனா பொருளுதான் சார் வரும், மனுசன் மனசு வராதுல்லா" என்றார். நம் குடும்பப் படம் எடுத்த ஸ்டுடியோ செபாஸ்டினுடைய பெயரும் ஓர் அட்டையில் இருந்தது. தான் சேர்த்த நடிகர் படங்களை விரலால் தொடக்கூட விடாத மனிதர் அவர், மனமுவந்து எப்படிக் கொடுத்தார் என்று எனக்கு ஆச்சரியம். இப்போது அவர் எங்கே என்றேன். "ஊர விட்டுப் போயிட்டாரு. நாந்தான் ரயில் ஏத்தி விட்டேன். பாவம், ஒரு பையி மட்டுந்தான் கையில வச்சிருந்தாரு" என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லை அவர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார், அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கடைசியில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சிவப்பு வெல்வெட்டில் ஆல்பத்தின் அளவுக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அதன் அட்டையில் மனமுவந்து அளித்தவர், திரு. சுந்தர்சிங், கணித ஆசிரியர், ஓய்வு, என்று அச்சடித்திருந்தது. "அவசரம் இல்ல சார். ஒங்க கையாலயே வைக்கணும், அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம், உப்பளம் தாண்டும் வரை, என் பெயரை அங்கே விட்டுவிட்டு வந்தது போலவே இருந்தது.

நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஏலத்தில் எடுத்தது நம்முடையது, வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை, நீ விற்றுத்தரச் சொன்ன வெளிநாட்டு ஏலக் கம்பெனி அதைப் படம் போட்டு விளம்பரமும் செய்துவிட்டது, யாசிர் விடுமுறை முடிந்து நாளை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்துவிட்டால் கவலை விட்டது என்கிறாய். ஆனால் அந்த ஆல்பம் இந்த ஊரிலிருந்து யார் பையில் போனாலும் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். யாசிர் காயல்பட்டினத்தில் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர். உன்னோடு வேலை பார்க்கிற நல்ல மனிதர் தலையில் நான் எப்படி இதைக் கட்டுவது. ஆகவே இந்தக் கடிதம் மட்டும் அவரோடு வருகிறது, ஆல்பம் என் பீரோவில்தான் இருக்கிறது. நான்காவதாகக் கேட்டதற்குச் சம்மதம் கொடு, ஏலக் கம்பெனிக்கு வாபஸ் என்று எழுதிவிடு. உன் பதில் வரும் வரை காத்திருக்கிறேன். போனில் வெளிப்படையாகப் பதில் சொல்லாதே. சம்மதம் என்றால், அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், நான் புரிந்துகொள்வேன்.

ஷாம், நீ ஆசையாகச் சேர்க்கிறாய், அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கியதையெல்லாம் வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டாதே, பின்னால் உன் வீட்டு வாசலும் ஜன்னலும் தெரிகின்றன. ஷீஜா முதுகுவலிக்குத் தைலம் கேட்டிருந்தாள், யாசிரிடம் தருகிறேன். ரெனிஷுக்கு வாய்ப்பாடு பதின்மூன்று வரை வந்துவிட்டதா. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக, உங்கள் கூரைக்கு மேல் அவர் கரம் இருக்கட்டும். போனில் வெயிலைப் பற்றி மட்டும் பேச மறக்காதே.

உங்கள் மூவர் மேலும் உயிரை வைத்திருக்கும்
அப்பா
தே. சுந்தர்சிங்

மடித்து உறையில் போட்டதைப் பிரித்து எழுதுகிறேன். பெருமாள் அண்ணாச்சி இப்போதுதான் வந்து போனார். தலை நிமிர்ந்தபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தார், உறையின் மேல் செய்தித்தாளை இழுத்துப் போட்டேன், கவனித்தாரா தெரியவில்லை. அத்தை போட்ட டீயைக் குடித்துவிட்டு, இஞ்சி நல்லா இருக்கு என்று அவளைப் பாராட்டினார். பிறகு சொன்னார், "ரெனிஷ் பயலுக்குத் தகர யானைய ரொம்பப் புடிச்சிருக்காம் சார். சாவி குடுத்துக் குடுத்து விளையாடுதானாம். அவங்க வீட்டுக்குக் கீழ மளிகைக் கடையில நம்ம பய ஒருத்தன் நிக்கான், அவன்தான் குடுத்தான். ஸ்கூல் வண்டிய விட்டு எறங்குனா அம்மாகிட்ட போறதுக்கு முந்தி இவன்கிட்டதான் ஓடி வாரானாம்." எனக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி என்றுதான் சொல்ல வந்தது. அதற்கு அவர், நமக்குள்ள என்ன சார் என்றார்.

கடைக்காரர் பிரியமாகக் கொடுத்தார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பொம்மையைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்க வேண்டாம், பயந்துவிடுவான், தூங்கும்போது எடுத்துவிடு. வண்டி வந்து நிற்கும் இடத்தில் இனி உங்களில் ஒருவர் முன்கூட்டியே போய் நில்லுங்கள். உன் பதிலுக்குக் காத்திருப்பேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது இனி முடியாது, என்னை மன்னித்துக்கொள். மகாராஜாவிடம் சொல்லாமல் பஸ்ஸில் போகிறேன். வழியில் காயல்பட்டினத்தில் இறங்கி யாசிரிடம் இதைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திருச்செந்தூர் போய் என் கையாலேயே ஆல்பத்தை அந்தப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். அதோடு அவர் நம்மை விட்டுவிடுவார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை.

ஐந்தாவதாக நான் எழுதியது தவறு.